கூதிர் காலத்து ஏரிக்கரையும் நம் காமிராவும்

ஓர் ஆண்டை ஆறு பெரும்பொழுதுகளாகப் பகுத்தனர் நம் முன்னோர் என்பதை இலக்கண வகுப்பில் நாம் படித்திருக்கிறோம். ஆவணியும் புரட்டாசியும் கார்காலம். ஐப்பசியும் கார்த்திகையும் கூதிர் காலம். மார்கழியும் தையும் முன்பனிக் காலம். மேல்நாட்டு நூல்களில் இலையுதிர் காலத்தின் கடைசி நாட்களைப் பற்றிப் படிக்கும்போது, சிவந்து உதிரும் இலைகளும் வெறுமையான கிளைகளும் நம் மனக்கண் முன் தோன்றுகின்றன. ஆனால் அதே நாட்களில் நம் ஊரில் நடப்பது முற்றிலும் வேறு. இங்கே இலை உதிர்வதில்லை, தழைக்கிறது. வடகிழக்குப் பருவமழை பெய்து ஏரிகள் நிரம்புகின்றன. நடவு செய்த சம்பாப் பயிர் பச்சை பிடிக்கிறது. நெடுந்தொலைவிலிருந்து பறவைகள் வந்து இறங்குகின்றன. நமக்குக் கூதிர் என்பது முடிவின் காலமன்று, வருகையின் காலம்.

இந்தக் காலத்தில் நம் ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பகுதியில் பறவைகளையும் கிராமக் காட்சிகளையும் எவ்வாறு புகைப்படம் எடுப்பது என்பதே இக்கட்டுரையின் பொருள். கற்க வேண்டியவை பல இருப்பினும், அவற்றுள் ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுவோம். பறவையை மட்டும் தனியே பிடிக்க வேண்டா. அது வந்து நிற்கும் ஊரோடு சேர்த்துப் பிடிப்போம். ஏன் அவ்வாறு என்பதைப் படிப்படியாகக் காண்போம்.

ஏரிகளின் நாடு

பழைய செங்கற்பட்டு மாவட்டத்தை "ஏரிகள் மாவட்டம்" என்றே அழைத்தனர். ஸ்ரீபெரும்புதூர் ஏரி, பிள்ளைப்பாக்கம் ஏரி, ஒரகடம் ஏரி, மணிமங்கலம் ஏரி என்று நம்மைச் சுற்றி ஏரிகளின் வரிசையே உண்டு. ஓர் ஏரி நிரம்பிக் கலங்கல் வழிந்தால், அந்த நீர் கால்வாய் வழியே அடுத்த ஏரியை அடையும். ஸ்ரீபெரும்புதூர், பிள்ளைப்பாக்கம் ஏரிகளில் மிஞ்சும் நீர் செம்பரம்பாக்கம் ஏரியைச் சென்று சேர்கிறது. 3,645 மில்லியன் கன அடி கொள்ளளவு உடைய அந்த ஏரி சென்னைக்குக் குடிநீர் தருகிறது. அது வழிந்தால் அடையாற்றில் வெள்ளம் பெருகுகிறது. 2015 டிசம்பரில் சென்னை நகரமே நீரில் தத்தளித்தபோது, ஏரிக்கும் ஏரிக்கும் உள்ள இந்த உறவை எல்லாரும் அறிந்துகொண்டனர்.

ஆண்டு மழையில் பாதிக்கு மேல் அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான மூன்று மாதங்களிலேயே நமக்குக் கிடைக்கிறது. கொட்டித் தீர்க்கும் அந்த மழையைத் தேக்கி வைத்து, ஆண்டு முழுவதும் பயன்படுத்தும் பொருட்டே நம் முன்னோர் ஏரிகளை வெட்டினர். ஏழாம் நூற்றாண்டில் பல்லவ மன்னன் நரசிம்மவர்மனும் சாளுக்கிய மன்னன் புலிகேசியும் போரிட்ட மணிமங்கலம் நமக்கு அருகிலேயே இருக்கிறது. பேரரசுகள் மறைந்தன, கரையும் மதகும் கலங்கலும் நின்று பயன் தருகின்றன.

இதே மண்ணில் இன்று இன்னொரு காட்சியும் உண்டு. இருங்காட்டுக்கோட்டையில் 1998 இல் கார் உற்பத்தி தொடங்கியது. 2010 இல் ஒரகடத்திலும் பெரிய கார்த் தொழிற்சாலை ஒன்று திறக்கப்பட்டது. ஸ்ரீபெரும்புதூர், வல்லம் வடகால் என்று சிப்காட் தொழிற்பூங்காக்கள் பரவின. இவ்வட்டாரத்தில் பல குடும்பங்களின் அடுப்பு எரிவது இத்தொழிற்சாலைகள் தரும் ஊதியத்தால்தான். ஆதலால் தொழிற்சாலையைப் பழிப்பது நம் நோக்கமன்று. ஆனால் மாற்றம் எத்துணை விரைவானது என்பதை நாம் எண்ணிப் பார்க்க வேண்டும். ஸ்ரீபெரும்புதூரில் 2006 இல் உற்பத்தியைத் தொடங்கிய கைப்பேசித் தொழிற்சாலை ஒன்று 2014 இல் மூடப்பட்டது. எட்டே ஆண்டுகளில் ஒரு பெரிய ஆலையே வந்து நின்றுவிடுகிறது என்றால், ஒரு வயலும் ஒரு தாங்கலும் ஒரு பனை வரிசையும் எவ்வளவு எளிதாக நம் கண்ணிலிருந்து மறைந்துவிடக்கூடும்! அவை எப்படி இருந்தன என்று நாளை ஒருவர் கேட்டால், காட்டுவதற்கு நம்மிடம் ஏதேனும் இருக்க வேண்டாமா?

வருகின்ற விருந்தினர்

நாம் படம் எடுக்கப் போகும் பறவைகளை முதலில் பெயர் சொல்லி அறிந்துகொள்ள வேண்டும். பெயர் தெரியாதவரை எல்லாம் "ஏதோ ஒரு கொக்கு" என்றே தோன்றும்.

ஏரி மதகருகே பழுப்பு நிறத்தில் அசையாமல் நிற்பது மடையான். குருட்டுக்கொக்கு என்றும் சொல்வர். அருகில் செல்லும்வரை பறக்காமல் நிற்பதால், கண் தெரியாத பறவை என்று மக்கள் எண்ணினர் போலும். உண்மையில் அதன் பார்வை மிகக் கூர்மையானது. சேற்றின் நிறமும் தன் நிறமும் ஒன்றாக இருப்பதை நம்பியே அது நிற்கிறது. பறக்கத் தொடங்கியதும் வெண்ணிறச் சிறகுகள் பளிச்சென்று விரியும். சேற்றிலிருந்து ஒரு வெள்ளைத் தாள் பறந்தது போலிருக்கும்.

மாடு மேயும் இடத்தில் அதன் காலடியிலேயே திரிவது உண்ணிக்கொக்கு. மாட்டின் நடையால் கலைந்தெழும் பூச்சிகளே அதன் உணவு. இன்று ஏர் உழும் மாடுகள் குறைந்து டிராக்டர் வந்துவிட்டது. உண்ணிக்கொக்குகளும் டிராக்டரின் பின்னால் வரிசையாக நடக்கக் கற்றுக்கொண்டன. நம் பகுதியின் கதையை ஒரே காட்சியில் சொல்ல வேண்டுமானால் இதைவிடச் சிறந்த படம் ஏது?

நத்தைக்குத்தி நாரையின் அலகு முழுவதும் மூடாது. நடுவில் ஓர் இடைவெளி தெரியும். நத்தையை ஓட்டிலிருந்து எடுத்துண்ண ஏற்ற அலகு அது. பாம்புத்தாரா நீந்தும்போது உடல் நீருக்குள் மறைந்து கழுத்து மட்டும் பாம்பு போல வெளியே நெளியும். அதுவும் நீர்க்காகமும் மூழ்கி எழுந்தபின் சிறகுகளை விரித்து வெயிலில் உலர்த்தும். கூழைக்கடா அலகின் கீழுள்ள பையால் மீனை அள்ளும். தாழைக்கோழியும் முக்குளிப்பானும் நாணலின் ஓரமாகவே திரியும்.

தொலைதூரத்து விருந்தினரும் உண்டு. நீலச்சிறகி, ஊசிவால் வாத்து ஆகிய வாத்தினங்கள் இமயத்திற்கு அப்பாலுள்ள வடநாடுகளில் முட்டையிட்டு வளர்ந்து, அங்கே பனி சூழும்போது தெற்கு நோக்கி வருகின்றன. வயல் வரப்பில் வாலை மேலும் கீழும் ஆட்டி ஓடும் மஞ்சள் வாலாட்டியும், சேற்றைக் குத்தி இரை தேடும் பொரி உள்ளானும், மின்கம்பியில் வரிசையாக அமரும் தகைவிலானும் அவ்வாறே வருபவை. ஒரு கைப்பிடிக்குள் அடங்கும் தகைவிலான் அவ்வளவு தூரத்தைக் கடந்து வந்து, தொழிற்சாலைக்குச் செல்லும் மின்கம்பியில் இளைப்பாறுகிறது என்பதை நினைத்தால் வியப்பு மேலிடவில்லையா?

வேடந்தாங்கல் தரும் பாடம்

பறவைக்கும் ஊருக்கும் உள்ள உறவை நாம் கற்க வேண்டிய பள்ளிக்கூடம் வேடந்தாங்கல். செங்கற்பட்டு மாவட்டத்தில், மதுராந்தகத்திற்கு அருகே ஏறக்குறைய 30 ஹெக்டேர் பரப்புள்ள ஏரி அது. அங்குள்ள கடப்ப மரங்களிலும் கருவேல மரங்களிலும் ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கான நீர்ப்பறவைகள் கூடு கட்டுகின்றன.

அந்தப் பறவைகளை முதலில் காத்தவர்கள் அரசாங்கத்தாரோ அறிஞர்களோ அல்லர்; அவ்வூர் உழவர்களே. பறவைகளின் எச்சம் விழுந்த ஏரிநீர் வயலுக்கு உரமாவதை அவர்கள் அனுபவத்தால் அறிந்திருந்தனர். வெள்ளைக்காரச் சிப்பாய்கள் பறவைகளைச் சுட்டபோது, ஊரார் கலெக்டரிடம் சென்று முறையிட்டனர். கலெக்டராக இருந்த லயனல் பிளேஸ் 1798 இல் பறவைகளைக் காக்கும் உரிமையை ஊராருக்கு எழுத்து மூலம் வழங்கினார். 1858 இல் அந்த உரிமை மீண்டும் உறுதி செய்யப்பட்டது. 1936 இல் அது சரணாலயமாக அங்கீகாரம் பெற்றது. 2022 இல், உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களைக் குறிக்கும் ராம்சார் பட்டியலில் வேடந்தாங்கலும் அதன் அருகிலுள்ள கரிக்கிலியும் இடம்பெற்றன.

இதில் நாம் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. வேடந்தாங்கலில் கூடு கட்டும் பறவைகள் தங்கள் இரை முழுவதையும் அந்தச் சிறிய ஏரியிலேயே பெற முடியாது. சுற்று வட்டாரத்து ஏரிகளுக்கும் குளங்களுக்கும் நெல்வயல்களுக்கும் பறந்து சென்றுதான் அவை குஞ்சுகளுக்கு உணவு கொண்டுவருகின்றன. ஆகவே வேலியிட்டுக் காக்கும் ஓர் ஏரி மட்டும் போதாது. பெயர்ப்பலகை இல்லாத ஏரிகளும், எவரும் சுற்றுலா வராத தாங்கல்களும் சேர்ந்துதான் ஒரு சரணாலயத்தைத் தாங்கி நிற்கின்றன. ஊரின் கோயிலுக்கும் ஆலயத்துக்கும் படம் உண்டு. பெரிய சரணாலயத்திற்கும் ஆயிரமாயிரம் படங்கள் உண்டு. ஆனால் நம் ஊர் ஏரிக்குப் படம் உண்டா? அதை எடுக்க வேண்டியவர்கள் நாமே.

முன்னே சென்றவர்கள்

காமிராவைக் கொண்டு பறவையைப் பிடிக்கும் கலை நூறாண்டுகளுக்கும் மேற்பட்டது. இங்கிலாந்தின் ரிச்சர்டு கியர்ட்டன், செர்ரி கியர்ட்டன் என்னும் சகோதரர் 1892 இல் ஒரு பறவையின் கூட்டை முட்டைகளோடு படம் எடுத்தனர். 1895 இல், படங்கள் அனைத்தும் நேரடியாக எடுத்த புகைப்படங்களாகவே அமைந்த பறவைக்கூடுகள் பற்றிய நூலை வெளியிட்டனர். பறவைகள் மனிதனைக் கண்டு அஞ்சும், மாட்டைக் கண்டு அஞ்சா என்பதை உணர்ந்த அவர்கள், மாட்டுத்தோலால் உள்ளே வெற்றிடமான ஒரு பொய்மாடு செய்து, அதற்குள் ஒளிந்திருந்து படம் எடுத்தனராம்! நம் ஊர் உண்ணிக்கொக்கு இச்செய்தியை அறிந்தால் சிரிக்கும்.

எரிக் ஹாஸ்கிங் என்ற மற்றோர் ஆங்கிலேயப் புகைப்படக்காரர் 1937 இல் ஓர் ஆந்தையின் கூட்டருகே சென்றபோது, அது தாக்கியதால் ஒரு கண்ணை இழந்தார். குஞ்சுகளைக் காக்கும் தாயின் சீற்றத்துக்கு அளவில்லை.

நம் தமிழகத்திலேயே ஒரு பெரியவர் வாழ்ந்தார். அவர் மா. கிருஷ்ணன் (1912–1996). "பத்மாவதி சரித்திரம்" எழுதிய அ. மாதவையாவின் மகன். 1950 முதல் தம் இறுதி வரை கல்கத்தாவிலிருந்து வெளிவந்த ஆங்கில நாளிதழ் ஒன்றில் இயற்கையைப் பற்றித் தொடர்ந்து எழுதினார். வேடந்தாங்கலைப் பற்றி 1960 இல் ஒரு சிறுநூல் எழுதினார். 1970 இல் பத்மஸ்ரீ விருது பெற்றார். பல காமிராக்களின் உறுப்புகளைச் சேர்த்துத் தாமே இணைத்த காமிராவால், கறுப்பு வெள்ளைப் படங்களையே எடுத்தார். அவருடைய தமிழ்க் கட்டுரைகள் "மழைக்காலமும் குயிலோசையும்" என்ற பெயரில் சு. தியடோர் பாஸ்கரனால் தொகுக்கப்பட்டுள்ளன. விலையுயர்ந்த கருவி இருந்தால்தான் படம் வரும் என்று சோர்ந்திருப்போர் அவரை நினைத்துப் பார்க்க வேண்டும்.

ஒளியை அறிதல்

புகைப்படம் என்பது ஒளியால் வரைவது. கூதிர் காலத்தின் ஒளிக்கு மூன்று தன்மைகள் உண்டு.

முதலாவது, சூரியன் தெற்கே சாய்ந்திருப்பதால் வெயில் கோடையைப் போல் உச்சந்தலையில் இறங்குவதில்லை. நவம்பரில் காலை ஆறு மணியளவில் சூரியன் உதித்து, மாலை ஐந்தே முக்காலுக்குள் மறைந்துவிடுகிறது. உதயத்தை அடுத்த இரண்டு மணி நேரமும், மறைவதற்கு முந்திய ஒன்றரை மணி நேரமும் படத்திற்குச் சிறந்தவை. அப்போது ஒளி பக்கவாட்டில் விழுந்து சிறகின் ஒவ்வோர் இறகையும் வரப்பின் ஒவ்வொரு புல்லையும் தனித்தனியே காட்டும். பறவைகள் சுறுசுறுப்பாக இரை தேடுவதும் அந்நேரத்தில்தான்.

இரண்டாவது, மழை விட்ட மறுநாள் காலையில் காற்றிலுள்ள தூசு அடங்கியிருக்கும். தொலைவிலுள்ள பனைமரமும் தெளிவாகத் தெரியும். லாரிகள் ஓயாமல் ஓடும் நம் சாலையோரங்களில் இத்தகைய தெளிவு கிடைப்பது அரிது. அந்த நாளை நழுவ விடலாகாது.

மூன்றாவது, மேகமூட்டம். மேகம் சூழ்ந்தால் படம் எடுக்க முடியாது என்று பலர் காமிராவை மூடி வைத்துவிடுகின்றனர். இது சரியன்று. மெல்லிய மேகம் சூரியனுக்குப் போட்ட மல்மல் திரையைப் போன்றது. கடுமையான நிழல் இல்லாததால், வெள்ளைக் கொக்கின் இறகுகளும் கறுப்பு நீர்க்காகத்தின் பளபளப்பும் ஒரே படத்தில் அழகாக அமையும்.

வெள்ளைப் பறவையை எடுப்பதில் ஒரு நுட்பம் உண்டு. காமிராவின் ஒளிமானி, தான் காணும் காட்சி முழுவதையும் நடுத்தர நிறமாகவே கருதிக் கணக்கிடுகிறது. கரும்பச்சை வயலின் நடுவே சிறியதாக ஒரு கொக்கு நின்றால், காமிரா வயலை மனத்திற்கொண்டு ஒளியை மிகுதியாக வாங்கிவிடும். கொக்கு வெறும் வெள்ளைப் பொட்டாகிவிடும். அப்போது ஒளியைச் சற்றுக் குறைக்க வேண்டும். கைப்பேசியில் பெரும்பாலும் திரையில் கொக்கின் மேல் விரலை வைத்து, பக்கத்தில் தோன்றும் சூரியக் குறியைக் கீழே இழுத்தால் போதும். மாறாக, வெளிறிய வானத்தை முன்னிட்டு நீர்க்காகம் அமர்ந்திருந்தால் அது வெறும் நிழலாகும். அப்போது ஒளியைக் கூட்ட வேண்டும்.

நிற்கும் பறவைக்கு ஷட்டர் வேகம் விநாடியில் 250 இல் ஒரு பங்கு இருந்தால் போதும். பறக்கும் பறவைக்கு 1000 இல் ஒரு பங்கோ அதற்கு மேலோ வேண்டும். கூர்மை பறவையின் கண்ணில் விழ வேண்டும். அது பார்க்கும் திசையில், பறக்கும் திசையில் சிறிது இடம் விட வேண்டும். நின்றபடி எடுப்பதைவிடக் கரையில் அமர்ந்து, பறவையின் கண்மட்டத்திற்கு வந்து எடுத்தால் அது நம்மோடு பேசுவது போலிருக்கும்.

தூரத்தை மதித்தல்

இனி, இக்கலையின் உயிரான பகுதிக்கு வருவோம். பறவையின் அருகில் எவ்வளவு செல்லலாம்? அடி, கெஜம் என்று கணக்கு இல்லை, பறவையே சொல்லும். மேய்ந்துகொண்டிருக்கும் கொக்கு திடீரென்று கழுத்தை நீட்டி நிமிர்ந்தால், அது நம்மைக் கண்டுவிட்டது. இரை தேடுவதை நிறுத்திவிட்டு நம்மையே பார்த்தால், நாம் போதுமான அளவு நெருங்கிவிட்டோம். மெல்ல விலகி நடந்தால், நாம் மிகவும் நெருங்கிவிட்டோம். பறந்தே போனால், எல்லை மீறிவிட்டோம். முதல் அறிகுறியிலேயே நிற்பது நல்லவர் செயல்.

ஏரிக்கரையில் நமக்கு ஒரு காவலாளியும் உண்டு. அதுதான் ஆள்காட்டிக் குருவி. ஆள் வருவதைக் கண்டதும் கத்தி, கரை முழுவதற்கும் அறிவிக்கும். அது கத்தத் தொடங்கினால் சினம் கொள்ள வேண்டா. பத்தடி பின்வாங்கி அமைதியாக அமர்வோம். கால் மணி நேரம் பொறுத்தால் கரை மீண்டும் தன் வேலையைத் தொடங்கும். வரப்பில் நாள்தோறும் நடக்கும் உழவரையும் மேயும் எருமையையும் பறவைகள் பொருட்படுத்துவதில்லை. தம்மையே உற்று நோக்கி நேராக நடந்து வருபவரையே அஞ்சுகின்றன. ஆகவே நேரே செல்லாமல், அமர்ந்து, அவற்றை வரவிடுவதே சிறந்த முறை.

பறக்கும் படம் வேண்டும் என்று கல்லெறிவதும், கை தட்டுவதும், கைப்பேசியில் குரலை ஒலிக்கச் செய்து ஏமாற்றி அழைப்பதும் நமக்கு அடாத செயல்கள். நெடுந்தூரம் பறந்து வந்து இளைத்த பறவைக்கு ஒவ்வொரு முறை எழும்புவதும் செலவு. நாம் ஐந்து முறை எழுப்பினால், அன்றைய இரையில் ஒரு பகுதியை நாமே பறித்தவர்களாவோம். கூட்டின் அருகே செல்லவே வேண்டா. தாய் எழுந்து போன நேரத்தில் முட்டை வெயிலில் வேகும், காகம் கவரும். முட்டையையும் கூட்டையும் சிதைப்பதையும் 1972 ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வேட்டை என்றே கருதுகிறது. கூடு இருக்கும் இடத்தை ஊரறியப் பரப்புவதும் தவறு.

ஒரு படம் நல்ல படமா என்று அறிய எளிய சோதனை ஒன்றுண்டு. நாம் படம் எடுத்து முடித்தபின்னும், எடுப்பதற்கு முன் செய்துகொண்டிருந்த வேலையையே பறவை செய்துகொண்டிருந்தால் அது நல்ல படம். பறவை போய்விட்டிருந்தால், எவ்வளவு அழகாக இருப்பினும் அது திருட்டுப் படம்.

ஊரோடு சேர்ந்த படம்

பறவைக்கென்று பெரிய லென்ஸ் வாங்க நம்மில் பெரும்பாலோர்க்கு வசதியில்லை. வீட்டிலுள்ள கைப்பேசியே நம் காமிரா. அதில் பறவை சிறியதாகத்தான் தெரியும். இதைக் குறையென்று எண்ணி வருந்துகிறோம். ஆனால் இதுவே நமக்குக் கிடைத்த நல்வாய்ப்பு.

ஒரு கொக்கின் முகத்தை மட்டும் பெரிதாக எடுத்த படத்தைப் பாருங்கள். அது ஒரகடமா, ஒரிசாவா, ஆப்பிரிக்காவா என்று எவராலும் சொல்ல முடியாது. அதே கொக்கு மதகின் படியில் நிற்க, பின்னால் நீர் பரந்திருக்க, அக்கரையில் பனைமரமும், அதற்கும் அப்பால் தொழிற்சாலையின் நீண்ட கூரையும் தெரிந்தால், அது நம் ஊர்ப் படம். இந்த ஆண்டின் படம். உலகில் வேறு எவரும் அதை எடுக்க முடியாது.

எனவே தொழிற்சாலையை மறைக்க முயல வேண்டா. பலர் படம் எடுக்கும்போது மின்கம்பத்தையும் சுவரையும் ஒதுக்கிவிட்டு, பழைய காலத்துக் கிராமம் போல் காட்ட விரும்புகின்றனர். உள்ளதை உள்ளபடி காட்டுவதே அழகு. கம்பியில் கரிச்சானும் தகைவிலானும். டிராக்டரின் பின்னே உண்ணிக்கொக்குகள். கலங்கலில் வழியும் நீரில் மீன்கொத்தி. பனையோலையில் தொங்கும் தூக்கணாங்குருவிக் கூடுகள், அவற்றின் கீழே பணிக்குச் செல்வோரை ஏற்றிச் செல்லும் பேருந்து. இவையெல்லாம் சேர்ந்ததுதான் நம் கூதிர் காலம்.

காட்சியை அமைக்கும்போது மூன்று அடுக்குகளை நினைவிற்கொள்வோம். முன்னே நாணலோ வரப்போ. நடுவே நீரும் பறவையும். பின்னே கரையோ மரமோ கட்டடமோ. அடிவானம் சாயாதிருக்கட்டும், ஏரி நீர் ஒருபுறம் கொட்டிவிடுவது போல் சாய்ந்த படம் கண்ணை உறுத்தும். காற்றில்லாத காலையில் நீரில் விழும் நிழலையும் சேர்த்துக்கொண்டால், ஒரு நாரை இரண்டாகும்.

குறிப்பேடும் ஒரு காமிராவே

பிலிம் சுருளில் 36 படங்களே இருந்த காலத்தில், ஒவ்வொரு படத்தையும் எண்ணி எண்ணி எடுத்தனர். இன்று ஒரே காலையில் முந்நூறு படம் எடுத்துவிடுகிறோம். ஒரு மாதம் கழித்து, எது எங்கே எடுத்தது என்று நமக்கே தெரிவதில்லை. நாளும் இடமும் தெரியாத படம் அழகுப் பொருளாகலாம், சான்றாக முடியாது.

ஆகவே ஒவ்வொரு படத்திற்கும் ஐந்து செய்திகளை எழுதி வைப்போம்: நாள், நேரம், இடம், பறவையின் பெயரும் எண்ணிக்கையும், ஏரியில் நீரின் நிலை. நீர் மதகின் எத்தனையாவது படிவரை நிற்கிறது என்று எழுதினால் போதும். ஒவ்வோராண்டும் ஒரே இடத்தில் நின்று, ஒரே திசையை நோக்கி, கார்த்திகை மாதத்தில் ஒரு படம் எடுப்போமாக. ஆறாம் வகுப்பில் தொடங்குபவள் பன்னிரண்டாம் வகுப்பை முடிக்கும்போது ஏழு படங்கள் சேர்ந்திருக்கும். அந்த ஏழையும் வரிசையாக வைத்தால், ஏரி சுருங்கியதா, ஆகாயத்தாமரை படர்ந்ததா, பறவை குறைந்ததா, கூடியதா என்று எவர் வாயும் சொல்லாமல் படமே சொல்லும்.

இத்தகைய குறிப்புகளுக்குப் பயன் உண்டு. தமிழ்நாட்டில் 2015 முதல் பொங்கல் நாட்களில் பொதுமக்களே பறவைகளைக் கணக்கெடுத்து வருகின்றனர். ஆசிய நீர்ப்பறவைகள் கணக்கெடுப்பு 1987 முதல் ஜனவரி மாதத்தில் நடைபெறுகிறது. கார்த்திகையில் நாம் பெறும் பயிற்சி தை மாதத்தில் உதவும். முதலில் பறவைகளை அடையாளம் காண, சலீம் அலி 1941 இல் முதன்முதலாக வெளியிட்ட இந்தியப் பறவைகள் பற்றிய நூல் இன்றும் நல்ல துணை.

செல்லும் முன் நினைவிற்கொள்ள வேண்டியவை

பெற்றோரின் அனுமதியோடு, பெரியவர் ஒருவர் துணையோடு, இருவர் மூவராகவே செல்ல வேண்டும். மழைக்காலத்தில் ஏரிக்கரை வழுக்கும்; மதகின் மேலும் கலங்கலின் மேலும் ஏறக்கூடாது; நீரில் இறங்கவே கூடாது. இடி மின்னல் தொடங்கினால் மரத்தடியில் ஒதுங்காமல், வீட்டிற்குத் திரும்ப வேண்டும். புதரருகே நடக்கும்போது பாம்பை நினைவிற்கொண்டு காலில் செருப்போ ஷூவோ அணிய வேண்டும். கனரக வண்டிகள் செல்லும் சாலையோரத்தில் நின்று, காமிராவில் கண்ணை வைத்தபடி பின்னோக்கி நடப்பது பேராபத்து. தொழிற்சாலை வாயில்களையும் உட்புறங்களையும் அனுமதியின்றி எடுக்கலாகாது.

வயலில் களையெடுக்கும் அம்மாவையோ, மாடு மேய்க்கும் தாத்தாவையோ படம் எடுக்க விரும்பினால், முதலில் வணக்கம் சொல்லிக் கேட்போம். வேண்டா என்றால் விட்டுவிடுவோம். சரி என்றால், எடுத்த படத்தை அவர்களிடம் காட்டுவோம். "இந்தப் பறவைக்கு உங்கள் ஊரில் என்ன பெயர்?" என்று கேட்டால், எந்த நூலிலும் கிடைக்காத செய்திகள் கிடைக்கும். முன்பு எந்தப் பக்கம் நீர் நின்றது, எந்த வரத்துக்கால் தூர்ந்தது, எந்தப் பறவை இப்போது வருவதில்லை என்பதை அவர்களே அறிவர். அவற்றையும் குறிப்பேட்டில் எழுதுவோம்.

நம் கடமை

வேடந்தாங்கல் உழவர்கள் 1798 இல் ஒரு தாளில் எழுத்தைப் பெற்றனர். அந்த எழுத்து, இருநூறு ஆண்டுகளுக்கு மேலாகப் பறவைகளின் பக்கம் நின்று வருகிறது. அவர்களிடம் காமிரா இல்லை; ஆனால் தங்கள் ஏரிக்கு எவை வருகின்றன, அவற்றால் வயலுக்கு என்ன நன்மை என்பதைக் கூர்ந்து நோக்கி, அறிந்து, உரிய இடத்தில் எடுத்துச் சொல்லும் துணிவு இருந்தது. நோக்குதல், அறிதல், எடுத்துச் சொல்லுதல் ஆகிய இம்மூன்றுமே ஒரு நல்ல புகைப்படத்தின் வேலையும் ஆகும்.

நம் ஏரிகளுக்காக நாளை ஒருவர் பேச வேண்டி வரலாம். அவர் கையில் நாளும் இடமும் குறித்த ஒரு படம் இருந்தால், "இங்கே நீர் நின்றது, இங்கே நாரைகள் வந்தன" என்று அவரால் தலைநிமிர்ந்து சொல்ல முடியும். அந்தப் படத்தை எடுத்தவர்கள் இப்பள்ளி மாணவியர் என்றால் அதைவிடப் பெருமை நமக்கு வேறென்ன வேண்டும்?

ஆகவே தோழியரே, இந்தக் கூதிர் காலத்தில் ஒரு காலைப்பொழுதையேனும் நம் ஊர் ஏரிக்குக் கொடுப்போம். மெல்லச் செல்வோம், தள்ளி நிற்போம், பொறுத்திருப்போம். பறவையை அதன் ஊரோடு சேர்த்துப் பிடிப்போம். நாளை எழுதி வைப்போம். விருந்தினர் வந்த சுவடு கலையாமல் திரும்புவோம்.